புவியியல் கலைச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும், செய்தியில் ஒரு எண்ணைப் பார்த்து ‘இது என்ன கணக்கு?’ என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன அளவு இருக்கிறது, எங்கே எப்படி அளக்கிறார்கள், எதை எதால் வகுக்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். பதில்களை அந்த வழியிலேயே எழுதியிருக்கிறோம்.

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் மாறிமாறிப் போகிறது. எப்படி நினைவில் வைப்பது?

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி என்பது அட்சரேகை. கிரீன்விச் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை டிகிரி என்பது தீர்க்கரேகை. எழுதும்போது அட்சரேகைதான் முதலில் வரும். சென்னை ஏறத்தாழ 13°05′ வடக்கு, 80°17′ கிழக்கு.

ஒரு டிகிரி அட்சரேகை உலகில் எங்கு அளந்தாலும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படியில்லை. துருவங்களில் எல்லாக் கோடுகளும் ஒன்றுசேர்வதால், வடக்கே போகப்போக இடைவெளி குறையும். ஒரு டிகிரி தீர்க்கரேகை நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., சென்னையில் சுமார் 108 கி.மீ., டெல்லியில் சுமார் 98 கி.மீ.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. 13°05′ என்பதை ஃபோன் மேப்பில் 13.05 என்று தட்டிவிடுவது. 05′ என்பது 5 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.083. ஆகவே தட்ட வேண்டியது 13.083. முதலில் சொன்னபடி தட்டினால், தேடும் இடத்துக்கு 3.7 கி.மீ. தெற்கே போய் நிற்பீர்கள்.

இந்திய நேரத்துக்கும் 82½ டிகிரிக்கும் என்ன தொடர்பு?

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. டிகிரிக்கு 4 நிமிடம். நம் கடிகாரம் 82°30′ கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கிரீன்விச்சைவிட 5½ மணி முன்னே. சென்னை அதற்கு மேற்கே இரண்டேகால் டிகிரி அளவில் இருப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கு. மாதத்துக்கு மாதம் இது சில நிமிடங்கள் முன்பின் ஆகும்.

ஜூன் 21 அன்று சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இருக்குமா?

இருக்காது. அன்று அது கடகரேகைக்கு, அதாவது 23½° வடக்குக்கு மேலே இருக்கும். தமிழ்நாடு 8° முதல் 13½° வரைக்குள் இருப்பதால், சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை, ஆக ஆண்டுக்கு இரண்டு நாள் நமக்கு நேர் மேலே வரும். சென்னைக்கு அது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். நிழலில்லா நாள் என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். ஜூனில் மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தால் உச்சி நிழல் தெற்கே விழும்.

பெரிய அளவைப் படம் என்றால் பெரிய பரப்பைக் காட்டும் படமா?

நேர் எதிர். 1:10,000 என்றால் படத்தில் 1 செ.மீ. தரையில் 10,000 செ.மீ.; இந்த விகிதம்தான் அளவை. 1:10,000 பெரிய அளவை. 1:10,00,000 சிறிய அளவை. பின்னமாக நினைத்தால் புரிந்துவிடும்: பத்தாயிரத்தில் ஒரு பங்கு, பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடப் பெரியது. எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் நில அளவைப் புலப்படம் மிகப் பெரிய அளவை. சுவரில் மாட்டும் உலகப் படம் மிகச் சிறிய அளவை.

இன்னொரு எச்சரிக்கை. 1:50,000 படத்தை ஏ4 தாளிலிருந்து ஏ3 தாளுக்குப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால், படம் 1.41 மடங்கு பெரிதாகிவிடும். அதன் உண்மையான அளவை இப்போது சுமார் 1:35,000. ஆனால் ஓரத்தில் 1:50,000 என்றே அச்சாகியிருக்கும். கீழே வரைந்திருக்கும் கோட்டு அளவை மட்டும் படத்தோடு சேர்ந்தே நீளும் என்பதால், நகல் படத்தில் அதை மட்டுமே நம்புங்கள்.

சமஉயரக் கோடுகளை எப்படிப் படிப்பது?

கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சமஉயரக் கோடு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படங்களில் (மேடுபள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் விரிவான படங்கள்) பொதுவாக 20 மீட்டருக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு, அதாவது ஒவ்வொரு 100 மீட்டரும், தடிமனாக இருக்கும். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் சமதளம்.

சரிவைக் கணக்கிட, இரண்டு புள்ளிகளுக்கு இடையே உயர வித்தியாசத்தை முதலில் எடுங்கள். பிறகு படத்தில் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலாலும், பாதை வளைந்தால் நூலாலும் அளந்து, அளவையால் பெருக்குங்கள். 400 மீட்டர் கோட்டுக்கும் 500 மீட்டர் கோட்டுக்கும் நடுவே படத்தில் 2 செ.மீ. என்றால், 1:50,000-இல் அது தரையில் 1,000 மீட்டர். 100 மீட்டர் ஏற்றம், 1,000 மீட்டர் தூரம்: சரிவு 10-க்கு 1, அல்லது 10 சதவீதம். கோணமாகச் சொன்னால் சுமார் 5.7 டிகிரி. சதவீதத்தையும் டிகிரியையும் ஒன்றென எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். 100 சதவீதச் சரிவு என்பது 45 டிகிரிதான், செங்குத்துச் சுவரல்ல.

அடுத்து, பள்ளத்தாக்கா மலைமுகடா என்று பிரிப்பது. இரண்டிலும் கோடு மூக்குபோல் வளையும். வளைவின் முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் அது பள்ளத்தாக்கு. ஓடையைக் கடக்கும் கோடு எப்போதும் ஓடை வரும் திசையைச் சுட்டும். முனை தாழ்ந்த பக்கத்தைக் காட்டினால் முகடு. கோடுகளில் எழுதியிருக்கும் எண்களைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால், பாதி நேரம் மலையைப் பள்ளமென்று படிப்பீர்கள்.

கோடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று படம் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. 15 மீட்டர் உயரப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு இடையே எந்தத் தடயமும் இல்லாமல் மறைந்திருக்கலாம். மலையேறப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

தலப்படத்தில் எங்கள் ஊர் ஆறு கறுப்புக் கோடாக இருக்கிறதே, அச்சுப் பிழையா?

பிழையில்லை. நீர் இருக்கும் இடம் நீலம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைப்படுகை கறுப்பு. நம் பக்கத்துப் படங்களில் கறுப்பு ஓடைகளே அதிகம். பழுப்பு சமஉயரக் கோடுகளுக்கு, பச்சை காட்டுக்கும் மரங்களுக்கும், மஞ்சள் சாகுபடி நிலத்துக்கு, சிவப்பு சாலைக்கும் குடியிருப்புக்கும்.

கடற்கரையில் நிற்கும்போது ஜி.பி.எஸ். உயரம் மைனஸில் காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கருவி சரியாகத்தான் இருக்கிறது. நாம் ‘கடல் மட்டத்திலிருந்து உயரம்’ என்று சொல்வது சராசரி கடல் மட்டத்திலிருந்து. ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எழுதியிருப்பது அந்த உயரம்தான். ஆனால் ஜி.பி.எஸ். முதலில் கணக்கிடுவது, பூமியை வழவழப்பான நீள்கோளமாக வைத்து அதன் பரப்பிலிருந்து உள்ள உயரத்தை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் உண்மையான கடல் மட்டம் அந்த நீள்கோளத்தோடு ஒட்டிப்போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகிலேயே இந்த வித்தியாசம் அதிகப் பள்ளமாக இருக்கிறது. 100 மீட்டருக்கும் மேல் கீழே. தமிழகக் கடலோரத்தில் அது சுமார் 80 முதல் 100 மீட்டர். திருத்தம் செய்யாத கருவி மெரினாவில் மைனஸ் 80, 90 என்று காட்டுவது இதனால்தான். பல செயலிகள் தாமாகவே திருத்திவிடும். நிலம் அளக்கும் வேலைக்கு எந்த உயரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள். கால்வாய் மட்டம் எடுக்கும்போது இரண்டையும் கலந்தால் எல்லாம் வீண்.

வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம்?

இன்று, இந்த வாரம் என்ன நடக்கிறது என்பது வானிலை. குறைந்தது 30 ஆண்டுத் தரவின் சராசரியும், அதில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதும் காலநிலை. ஒரு டிசம்பரில் வெயில் கொளுத்தியதை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்றோ மாறவில்லை என்றோ சொல்ல முடியாது.

10 செ.மீ. மழை என்றால் என்ன? கனமழை எங்கே தொடங்குகிறது?

பெய்த நீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் தரையில் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் மழையளவு. ஒரு மி.மீ. மழை, ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். இதிலிருந்து எல்லாம் கணக்கிடலாம். 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர், 10 செ.மீ. மழையில் அதில் விழுவது சுமார் 9,300 லிட்டர். ஒரு ஏக்கரில் அதே மழை நான்கு லட்சம் லிட்டருக்கு மேல். மழைநீர்த் தொட்டி கட்டுகிறவர்கள் ஆண்டு மழையை விட்டுவிட்டு, ஒரே நாளில் பெய்யும் பெரிய மழையை வைத்து இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 2.5 மி.மீ.யாவது பெய்தால்தான் அது மழை நாள். அந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30-க்கு முடிகிறது. அதனால் திங்கள் காலை அறிவிக்கும் அளவில் பெரும்பகுதி ஞாயிறு பெய்த மழை. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. டிசம்பர் 2 காலைக் கணக்கில் வந்தது இப்படித்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது.

ஒன்றைக் கவனியுங்கள்: மழையளவு எவ்வளவு நேரத்தில் பெய்தது என்று சொல்லாது. 10 செ.மீ. நாள் முழுக்கத் தூறினால் நிலம் குடித்துவிடும். இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் தெரு மூழ்கும். செய்தியில் அளவு மட்டும் சொல்லி நேரத்தை விட்டுவிடுவது எரிச்சலூட்டும் பழக்கம்.

மழை மறைவுப் பகுதி என்றால் என்ன? கோவையில் மழை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணமா?

ஆமாம். ஈரக் காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, காற்று வரும் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும் காற்று சூடாகி, ஈரப்பதம் குறைந்து வறண்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைய, இந்தப் பக்கம் கோவைச் சமவெளியில் காற்று மட்டும் வீசுவது இதனால். பாலக்காட்டுக் கணவாய் 30 கி.மீ. அளவுக்குத் திறந்திருப்பதால் அந்த நேர்க்கோட்டில் காற்று பலமாக வரும். காற்றாலைகள் அங்கே வரிசைகட்டி நிற்பதற்கு அதுவே காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றுதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது.

உயரத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரு கி.மீ. மேலேறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோவை சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வித்தியாசம் 1,830 மீட்டர். ஆக 12 டிகிரி. மே மாதம் கோவையில் 35 என்றால் ஊட்டியில் 23. அனுபவத்துக்கும் இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்: எங்கே எது மாறுகிறது?

சுழலின் அருகே தொடர்ந்து வீசும் காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31–49 தாழ்வு மண்டலம். 50–61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். பெயர் வைப்பதும் அப்போதுதான். 89–117 தீவிரப் புயல், 118–165 மிகத் தீவிரப் புயல், 166–220 அதி தீவிரப் புயல், 221-க்கு மேல் சூப்பர் புயல். இந்தத் தரவரிசை காற்றுக்கு மட்டும், மழைக்கு அல்ல. பெயரே இல்லாத தாழ்வு மண்டலம் ஊரை மூழ்கடிப்பதும், பெயர் பெற்ற புயல் நாலு தூறலோடு கடந்துபோவதும் அதனால்தான். ‘வெறும் தாழ்வு மண்டலம்தானே’ என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

வடிநிலம், நீர்ப்பிடிப்புப் பகுதி, நீர்ப்பிரிமேடு?

ஓர் இடத்தில் ஆற்றுக்கு வந்துசேரும் நீர் எந்தப் பரப்பிலிருந்தெல்லாம் வடிகிறதோ அது அந்த இடத்துக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆற்றின் முகத்துவாரம் வரை மொத்தமாக எடுத்தால் வடிநிலம். காவிரி வடிநிலம் சுமார் 81,155 சதுர கி.மீ.; கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவற்றில் விரிகிறது. பக்கத்துப் பக்கத்து வடிநிலங்களைப் பிரிக்கும் உயரமான வரம்பு நீர்ப்பிரிமேடு. மேற்குத் தொடர்ச்சி மலை அப்படிப்பட்ட வரம்பு: அதன் ஒருபுறம் விழும் மழை அரபிக்கடலுக்கு, மறுபுறம் வங்கக்கடலுக்கு. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடும் பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியாக இந்த வரம்பைத் தாண்டி வைகைப் பக்கம் திருப்புகிறது. வடிநில மாற்றம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

எல்லா ஆறும் டெல்டா உண்டாக்குமா?

இல்லை. ஆறு நிறைய வண்டல் கொண்டுவர வேண்டும். அதை அள்ளிப்போகிற அளவுக்கு அலையும் ஓதமும் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) பலமாக இருக்கக் கூடாது. கரையோரக் கடல் ஆழம் குறைந்ததாக இருப்பது நல்லது. காவிரிக்கு இவை அமைந்தன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் விசிறிபோல் பரவுகிறது. நர்மதையும் தபதியும் விழும் காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதால் வண்டல் தங்குவதில்லை. அங்கே கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் அகன்ற பொங்குமுகம்தான் உண்டு. ‘கழிமுகம்’ என்ற சொல்லைச் சில நூல்கள் டெல்டாவுக்கும் சில நூல்கள் பொங்குமுகத்துக்கும் எழுதுகின்றன. தேர்வு எழுதுகிறவர்கள் தங்கள் பாடநூல் எதைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே அணை கட்டினால் வண்டல் அங்கேயே தங்கிவிடும். வண்டல் வராத டெல்டாவைக் கடல் அரிக்கத் தொடங்கும்.

டி.எம்.சி., கன அடி: இரண்டையும் எப்படி இணைத்துப் பார்ப்பது?

டி.எம்.சி. என்பது கொள்ளளவு: ஆயிரம் மில்லியன் கன அடி (thousand million cubic feet), நூறு கோடி கன அடி நீர், அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். நீர் திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்லப்படும். ஒரு நாளில் 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். மேட்டூரிலிருந்து 12,000 கன அடி திறப்பு என்றால், நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல் குறையும். வரத்தையும் ஆவியாவதையும் தனியாகக் கூட்டிக்கழிக்க வேண்டும்.

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்படியென்றால் 60 அடியில் பாதி நீர் இருக்கும் என்று நினைப்பது தவறு. அணையின் அடிப்பகுதி குறுகல், மேலே போகப்போக அகலம். 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான். மேலே உள்ள ஒவ்வொரு அடிக்கும் கீழே உள்ள அடியைவிடப் பல மடங்கு நீர்.

இந்தியாவின் கடற்கரை திடீரென்று நீண்டது எப்படி?

பழைய பாடநூலில் 7,516.6 கி.மீ.; புதிய அரசுக் கணக்கில் 11,098.81 கி.மீ. நிலம் கூடவில்லை. 1970-களின் கணக்கு சிறிய அளவைப் படத்தில் எடுத்தது. புதியது 1:2,50,000 படத்தில் எடுத்தது. படம் பெரிதாகப் பெரிதாக, முன்பு நேர்க்கோடாகத் தெரிந்த இடத்தில் வளைவும் ஓடைமுகமும் தெரியும்; நீளம் ஏறும். தமிழ்நாட்டுக்கு 906.9 என்பது 1,068.69 ஆனது. இதுதவிர 1,076 என்ற எண்ணும் மாநில ஆவணங்களில் உண்டு. எந்த அளவையில் அளந்தது என்று சொல்லாத கடற்கரை நீளத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

விரிகுடா, வளைகுடா, நீரிணை?

அகன்ற வாயோடு நிலத்துக்குள் புகுந்த கடல் விரிகுடா: வங்காள விரிகுடா. பெரும்பாலும் மூன்று பக்கம் நிலம் அணைத்திருப்பது வளைகுடா: மன்னார், பாரசீகம். இரண்டு நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடல் நீரிணை: பாக் நீரிணை. பெயர் சூட்டியவர்கள் கறாராக இருந்ததில்லை என்பதால், எல்லைக்கோட்டு உதாரணங்களில் தர்க்கம் தேட வேண்டாம்.

பாறைச் சிதைவும் அரிப்பும் ஒன்றா?

பாறை இருந்த இடத்திலேயே உடைவதும் உதிர்வதும் வேதிமாற்றம் அடைவதும் சிதைவு. அந்தத் துகளை நீர், காற்று, அலை, பனி எடுத்துச்செல்வது அரிப்பு. பல்லாவரம் பகுதிக் குன்றுகளின் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை என்பதால் வந்த பெயர். அத்தகைய குன்றுகளில் மேலடுக்கு வெங்காயத் தோல்போல் உரிந்து நிற்கும். அது சிதைவு. உரிந்த சில்லு மழையில் உருண்டு அடிவாரத்து ஓடைக்குப் போனால் அரிப்பு.

நிலநடுக்கத்தில் 7-க்கும் 8-க்கும் ஒரு புள்ளிதானே வித்தியாசம்?

ஒரு புள்ளி கூடினால் நில அதிர்வின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 2001 பூஜ் நிலநடுக்கம் 7.7, 2004 டிசம்பர் 26 சுமத்ரா 9.1. இடைவெளி 1.4 என்றால் ஆற்றலில் ஏறத்தாழ 125 மடங்கு. செய்திகளில் ‘ரிக்டர்’ என்று பழக்கத்தில் எழுதினாலும், பெரிய நடுக்கங்களுக்கு இன்று பயன்படுவது திருப்புத்திறன் அளவு (moment magnitude). இந்த எண் நடுக்கத்தின் மொத்த பலம். ஓர் ஊரில் எவ்வளவு உலுக்கியது என்பது தீவிரம். ஒரே நடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் அது வேறுபடும்.

மக்களடர்த்தியை ஒப்பிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லையை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. பரப்பு 1,30,060 சதுர கி.மீ.; வகுத்தால் 555. இதில் சிக்கல் இல்லை. சென்னைக்கு வருவோம். அதே கணக்கெடுப்பில் சென்னை மாவட்ட அடர்த்தி 26,553. அப்போது மாவட்டப் பரப்பு 175 சதுர கி.மீ. 2018-இல் அது 426 சதுர கி.மீ. ஆனது. விரிந்த பரப்பின் 2011 மக்கள்தொகையான சுமார் 67 லட்சத்தை வைத்தால் அடர்த்தி 16,000-க்குள் வந்துவிடும். ஒரு மனிதர்கூட வீட்டைக் காலி செய்யவில்லை. கோடு நகர்ந்தது, அவ்வளவே.

நகரம் என்பதற்கு என்ன வரையறை?

2011 கணக்கெடுப்பில் இரண்டு வழியில் ஓர் ஊர் நகரமாகும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கண்டோன்மென்ட் என்று அரசு அறிவித்திருந்தால் அது சட்டப்படியான நகரம். அப்படி அறிவிக்காவிட்டாலும், மக்கள்தொகை 5,000-க்குக் குறையாமல், முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்த) ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் சாராத வேலையில் இருந்து, சதுர கி.மீ.க்கு 400 பேராவது வாழ்ந்தால் அது கணக்கெடுப்பு நகரம். மூன்று நிபந்தனையும் ஒருசேர வேண்டும்.

இந்த இரண்டு வழிகளும் எவ்வளவு வேறுபட்ட படத்தைத் தருகின்றன என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் நகர மக்கள், கேரளத்தில் 47.7. ஏறக்குறைய சமம். ஆனால் தமிழ்நாட்டின் 1,097 நகரங்களில் 721 சட்டப்படியானவை, 376 மட்டுமே கணக்கெடுப்பு நகரங்கள். கேரளத்தில் 520-இல் 461 கணக்கெடுப்பு நகரங்கள். அங்கே ஊராட்சி நிர்வாகத்திலேயே இருந்துகொண்டு புள்ளிவிவரத்தில் மட்டும் நகரமான ஊர்கள் அதிகம். நம்மிடம் பேரூராட்சிகள் ஏராளம். அவற்றில் சில, வயலும் தோப்புமாக இருக்கும். நகரமயம் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், எந்த வகை நகரம் என்று கேட்டால்தான் ஊரின் உண்மை நிலை தெரியும். அடுத்த கணக்கெடுப்புக்கு ஆதாரத் தேதி 2027 மார்ச் 1. அதுவரை 2011 எண்களோடுதான் காலம் தள்ள வேண்டும்.

பாலின விகிதம், எழுத்தறிவு விகிதம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பாலின விகிதம் இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. 2011-இல் தமிழ்நாட்டில் 996. பன்னாட்டு அட்டவணைகளில் பெரும்பாலும் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று தலைகீழாக இருக்கும். அங்கே 106 என்பது பெண்கள் குறைவு என்று பொருள்.

எழுத்தறிவில் வகுக்கும் எண்ணைப் பாருங்கள்: மொத்த மக்கள் அல்ல, 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் கணக்கில் வராது. பள்ளிக்கே போகாமல் படிக்கக் கற்றவர் வருவார். தமிழ்நாடு 80.09 சதவீதம்.

பத்தாண்டு வளர்ச்சி 15.6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1.56 தானே?

இல்லை, சுமார் 1.45. தமிழ்நாட்டு மக்கள்தொகை 2001-இல் 6.24 கோடி, 2011-இல் 7.21 கோடி. வட்டிக்கு வட்டி போல் வளர்வதால் பத்தால் வகுக்கக் கூடாது.

கருவுறுதல் விகிதம் 2.1-க்குக் கீழே போனால் மக்கள்தொகை உடனே குறையுமா?

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை மொத்தக் கருவுறுதல் விகிதம். 2.1 என்பது பதிலீட்டு மட்டம், அதாவது ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை அப்படியே நிரப்பப் போதுமான அளவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8. ஆனாலும் முந்தைய தலைமுறையில் பிறந்த பெருங்கூட்டம் இப்போது குழந்தை பெறும் வயதில் இருப்பதால், பிறப்பு இன்னும் சில காலம் இறப்பைவிட அதிகமாகவே இருக்கும். வயது–பாலினக் கூம்பை வரைந்து பார்த்தால், நடுவயிறு பருத்தும் அடி ஒடுங்கியும் இருக்கும் வடிவம் இதைக் காட்டிவிடும்.

பயிர்ச் செறிவு 160 சதவீதம் என்கிறார்கள். நூறுக்கு மேல் எப்படி?

சாகுபடியான மொத்தப் பரப்பை, நிகர சாகுபடிப் பரப்பால் வகுத்து நூறால் பெருக்குவது. ஒரே நிலத்தில் இரண்டு முறை பயிர் வைத்தால் மொத்தப் பரப்பில் இருமுறை சேரும். டெல்டாவில் 100 ஏக்கர். 40 ஏக்கரில் சம்பா ஒரு போகம், 60 ஏக்கரில் குறுவையும் தாளடியும் என இரண்டு போகம். மொத்தம் 40 + 60 + 60 = 160; நிகரம் 100; செறிவு 160 சதவீதம். ஆனால் ஆண்டு முழுவதும் நிலத்தில் நிற்கும் கரும்பும், நிரந்தரமாக நிற்கும் தென்னையும் ஒருமுறைதான் எண்ணப்படும். அதனால் தென்னந்தோப்பு நிறைந்த வட்டாரத்தில் செறிவு 100-ஐ ஒட்டி வந்தால், நிலம் சும்மா கிடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.